இலை கொட்டும் காலம்

பேத்திக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அவள் தவழவில்லை.

உட்கார வைத்தால் கொலுப் பொம்மை மாதிரி வைத்த இடத்திலேயே இருப்பாள். கைக்கு எட்டியதை எடுப்பாள். எட்டாததை எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். எதிர் வீட்டுப் பையன் ஏழாம் மாதத்திலேயே தவழ்ந்து வாசல் வரை வந்துவிட்டான். அதைப் பார்த்த நாளிலிருந்து மகளுக்குத் தூக்கம் போயிற்று. ஓர் இரவு, பிள்ளை தூங்கிய பிறகு, அடுப்படியில் வந்து நின்று கேட்டாள்: "ம்மா, இவளுக்குப் பிசியோ பார்க்கணுமா?"

நாங்கள் இருப்பது மலேசியாவின் ஈப்போவில், புந்தோங் பக்கம். விசாரித்து, இயன்முறை மருத்துவம் படித்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் பிள்ளையைக் கொண்டுபோனோம். அவள் உடனே பிள்ளையைத் தூக்கவில்லை. பாயில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் தொட்டாள். கழுத்து, முதுகு, இடுப்பு மூட்டு, கால்களின் இறுக்கம் எல்லாம் பார்த்தாள். உட்கார்ந்திருந்த பிள்ளையை மெல்ல ஒரு பக்கம் சாய்த்தாள். பிள்ளை சட்டென்று அந்தப் பக்கத்துக் கையைத் தரையில் ஊன்றித் தன்னைத் தாங்கிக்கொண்டது. மறுபக்கம் சாய்த்தாள், அந்தக் கையும் ஊன்றியது. அவள் முகம் தெளிந்தது.

"பிள்ளை நல்லா இருக்காம்மா. பயிற்சி ஒன்னும் வேணாம். ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் இவளைக் கீழ விடுறீங்க?"

மகளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பாயில் உட்கார்ந்தே கணக்குப் போட்டோம். காலையில் சக்கரம் வைத்த வாக்கர். பிறகு ஊட்டும் நாற்காலி. பகல் தூக்கம் ஸ்பிரிங்கில் தொங்கும் கைலித் தொட்டிலில். விழித்த பிறகும் ஆடட்டும் என்று அதிலேயே கிடப்பாள். மாலையில் காரின் குழந்தை இருக்கை. மற்ற நேரமெல்லாம் யாராவது ஒருவர் கை. டைல்ஸ் தரை குளிர்ந்து கிடக்கிறது, எறும்பு வருகிறது, சளி பிடிக்கும் என்று தரையை மட்டும் விட்டுவிட்டோம். எல்லாம் போக, ஒரு நாளில் கால் மணி நேரம் தேறியது.

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அறிவுரையில் இரண்டு வரிகளை அந்தப் பெண் எடுத்துச் சொன்னாள். இன்னும் நகரத் தொடங்காத பிள்ளை விழித்திருக்கும்போது ஒரு நாளில் 30 நிமிடமாவது, விட்டு விட்டாவது, குப்புறக் கிடக்க வேண்டும். நாற்காலி, தள்ளுவண்டி, முதுகுக் கட்டு என்று எதிலும் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைக் கட்டிவைக்கக் கூடாது. தூங்க வைக்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், அது உயிரைக் காக்கும் பழக்கம். விழித்த பிறகு தரைதான் பிள்ளைக்கு வேண்டும் என்றாள்.

வீடு திரும்பும் வழியில் எனக்கு ஆயாக் கொட்டகை நினைவுக்கு வந்தது.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. ஒரு பகுதியில் தாமான் வீடுகள் வந்துவிட்டன. அன்று எங்களுக்கு அது கித்தாத் தோப்பு. விடியற்காலை நான்கரைக்கு அம்மா எழுவாள். ரப்பர் மரம் விடியும் நேரத்தில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகுமுன் தூங்குகிற பிள்ளையைக் கைலியில் சுற்றி, இருட்டில் தூக்கிக்கொண்டு போய், கொட்டகையில் ஆயாவிடம் விட வேண்டும். உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். கைக்குழந்தைகள் அதில். உட்காரத் தெரிந்தவை முதல் ஓடத் தெரிந்தவை வரை மற்ற எல்லாம் சிமெண்டுத் தரையில். பால் மங்கு கவிழ்த்து, தோளில் காண்டா தூக்கி, பாலை நிறுத்துக் கொடுத்து, அம்மாக்கள் திரும்பி வரும்போது உச்சி நெருங்கிவிடும்.

அந்தத் தரையில்தான் நாங்கள் எல்லாரும் புரண்டோம், நகர்ந்தோம், எழுந்தோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆயாவுக்கு நேரம் ஏது? ஒன்பது மாதப் பிள்ளை பதினைந்து மாதப் பிள்ளையைப் பார்த்தது. அது போன இடத்துக்குத் தானும் போக ஆசைப்பட்டது.

அந்தக் காலத்தை நான் பொன்னாக்கிப் பேச மாட்டேன். சிமெண்டு ஈரமாக இருக்கும். கண்ணில் பூளையும் மூக்கில் சளியும் காய்ந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்துவிட, பால் மறந்து சவலை விழுந்து, இரண்டு வயதிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளும் இருந்தார்கள். நாடு விடுதலை பெற்ற 1957-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 75 ஒரு வயதைக் காணவில்லை. சோறும் மருந்தும் இல்லாத வீட்டில் தரை மட்டும் பிள்ளையை வளர்த்துவிடாது.

தோட்டத்தில் அளக்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ 1877-இல் கோலாகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கி, பேராக்கில் ரப்பர் மரத்தைப் போல அளக்கப்பட்ட உயிர் வேறொன்று இருக்காது. ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே கயிற்றைச் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்றளவு ஐம்பது சென்டிமீட்டர் ஆகாத மரத்தில் உளி வைக்கக் கூடாது. ஒரே நாளில் நட்ட கன்றுகளில் ஒன்று ஐந்தாம் ஆண்டில் தேறும். இன்னொன்றுக்கு ஏழு ஆண்டும் ஆகும். பின்தங்கிய மரத்தை யாரும் நோயாளி என்று சொன்னதில்லை. அடுத்த ஆண்டு வந்து மறுபடியும் கயிற்றைச் சுற்றிப் பார்த்தார்கள். மரத்துக்குக் கிடைத்த அந்தப் பொறுமையும் கவனிப்பும் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்பது என் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது.

பிள்ளைகளுக்கான அந்த அளவைக் கயிறு வெகு காலம் கழித்து வந்தது. கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நல்ல ஊட்டத்தோடு வளர்ந்த 816 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, உலக சுகாதார நிறுவனம் 2006-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்கார்வது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5.2-இலிருந்து 13.5-க்குள். தனியாக நடப்பது 8.2-இலிருந்து 17.6-க்குள். எட்டு மாதத்தில் நடக்கிற பிள்ளையும் பதினேழு மாதத்தில் நடக்கிற பிள்ளையும் ஒரே நலமுள்ள கூட்டத்தின் இரண்டு ஓரங்கள். அந்த 816 பேரில் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல் முறையாகத் தவழவே இல்லை. தவழாமலே எழுந்து நடந்தார்கள். இந்தக் கணக்கை அச்சடித்து மகளின் கையில் கொடுத்தேன். அன்றிரவு அவள் தூங்கினாள்.

பிள்ளை வளர்க்கும் வழி ஊருக்கு ஊர் வேறு. கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் பிள்ளைக்கு உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பழக்குகிறார்கள். அதற்கென்று அவர்கள் மொழியில் தனிச் சொற்களே உண்டு. அந்தப் பிள்ளைகள் இவ்விரண்டிலும் அமெரிக்கப் பிள்ளைகளை முந்துகின்றன. பழக்காத தவழலில் முந்துவதில்லை. தாஜிகிஸ்தானில் பிள்ளையைத் தொட்டிலில் துணியால் கட்டி நெடுநேரம் கிடத்துவார்கள். அந்தப் பிள்ளைகள் பிந்தி நடக்கின்றன, ஆனால் நான்கைந்து வயதில் எல்லாப் பிள்ளைகளையும் போல ஓடுகின்றன, தாவுகின்றன. பழக்கினால் சற்று முன்னே, கட்டிப்போட்டால் சற்றுப் பின்னே. நலமுள்ள உடல் எப்படியும் தன் வழியைக் கண்டுபிடித்துவிடுகிறது. அப்படியானால் நலமுள்ள பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டியது என்ன?

என் பாட்டியின் கைகளை நினைத்துப் பார்க்கிறேன். லயத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, கணுக்கால் மேல் பிள்ளையைப் போடுவாள். காய்ச்சிய தேங்காயெண்ணெய் பூசி, தோளிலிருந்து விரல் நுனிவரை, இடுப்பிலிருந்து பாதம்வரை நீவுவாள். வலது கையையும் இடது காலையும் சேர்த்து மடக்குவாள்; பிறகு இடது கையும் வலது காலும். கடைசியில் அண்டா வெந்நீரில் பிள்ளையின் அக்குளைப் பிடித்து நிறுத்துவாள். "தண்ணிக்குள்ள காலு நடக்குது பாரு" என்பாள். இரண்டு மாதப் பிள்ளையின் கால்கள் தண்ணீருக்குள் மாறி மாறி எழும். தரையில் நிறுத்தினால் அதே கால்கள் அசையாது.

பிறந்த பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து உள்ளங்காலைத் தரையில் பட வைத்தால் அது அடி எடுத்து வைப்பது போலக் காலைத் தூக்கும். இரண்டு மாதவாக்கில் அது மறைந்துவிடும். மூளை வளர்ந்து அந்த அனிச்சையை அடக்கிவிடுகிறது என்றே அறிஞர்கள் வெகு காலம் நம்பினார்கள். எஸ்தர் தெலன் என்ற அமெரிக்க அறிஞர், 1984-இல் வெளியான ஆய்வில், அந்த நடை குறைந்துவரும் வயதுப் பிள்ளைகளின் கால்களைத் தண்ணீரில் இறக்கினார். நடை கூடியது. நடந்துகொண்டிருந்த பிள்ளையின் காலில் சிறு எடையைக் கட்டினார். நடை குறைந்தது. மூளை எதையும் மறக்கவில்லை. தசைக்கு வலு ஏறுவதைவிட வேகமாகக் காலில் சதை ஏறுகிறது. தன் காலையே தூக்க முடியாமல் பிள்ளை காத்திருக்கிறது. தண்ணீர் அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டபோது ஒளிந்திருந்த நடை வெளியே வந்தது. பாட்டி அதைத் தினம் அண்டாவில் கண்டாள். ஏன் என்று கேட்க அவளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கிடைத்திருக்கவில்லை.

அந்தக் கைகளிலும் பிழை இருந்தது. மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவாள்; அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியாவில் முடியும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவாள். கழுத்தில் உரம் விழுந்தது என்று பிள்ளையைச் சேலையில் போட்டு, நான்கு முனையையும் இருவர் பிடித்து உருட்டுவார்கள். இன்று என் மகளிடம் இவற்றை விடு என்கிறேன். எண்ணெய் தடவி நீவுவதை மட்டும் விடாதே என்கிறேன். நீவினால் பிள்ளை சீக்கிரம் நடக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. பாட்டியின் கை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூட்டையும் சந்தித்தது. "இந்தப் புள்ளக்கி இடது காலு விரியல, பாரு" என்று அவள் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். நீவுகிற கை கண் மாதிரி. அதற்கு முதலில் தெரிந்துவிடும்.

தமிழில் அப்படிப் பார்த்த கண்கள் வேறும் உண்டு. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடினார். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் பாடினார். அந்த வடிவத்துக்கு இலக்கணம் சொன்னவர்கள் மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை என்று பருவங்களை வரிசைப்படுத்தினார்கள். நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. செங்கீரைக்கு அவர்கள் தரும் விளக்கம் இது: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்ந்து முன்னும் பின்னும் அசைதல். இளங்கீரை காற்றில் ஆடுவது போல. தவழப் போகும் பிள்ளை கைகளில் எடையை ஏற்றி, இறக்கி, உடலைத் தானே தராசில் நிறுத்துப் பார்க்கும் நாள்கள் அவை. இயன்முறை மருத்துவம் படித்த அந்தப் பெண் பாயில் உட்கார்ந்து தேடியதும் இதைத்தான்.

தமிழாசிரியையாக இந்தப் பருவங்களைப் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் பேத்தி வந்த பிறகுதான் கவனித்தேன். இந்தப் பருவங்கள் எதற்கும் புலவர்கள் 'நட' என்று பெயர் வைக்கவில்லை. கையைச் சேர்த்துச் சப்பாணி கொட்டு என்கிறார்கள், முத்தம் தா என்கிறார்கள். நடக்கும் பருவம் வந்ததும் 'வருக' என்கிறார்கள். நட என்றால் அது காலுக்கு இடும் கட்டளை. வா என்றால் அங்கே ஒருவர் கையை நீட்டிக் காத்திருக்கிறார். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளை நியூயார்க்கில் கேரன் அடால்ஃப் குழுவினர் எண்ணிப் பார்த்து 2012-இல் சொன்ன கணக்கு: விளையாடும் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2368 அடி, 17 விழுகை. மணிக்குப் பதினேழு முறை விழுந்தும் ஒரு பிள்ளை பதினெட்டாவது முறை எழுகிறது என்றால் அதைக் காலின் வலு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

வாக்கரை, அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, எடுத்துப் பரண்மேல் போட்டேன். அதில் பிள்ளை தன் எடையைத் தன் காலில் தாங்குவதில்லை. தொங்கிக்கொண்டு விரல் நுனியால் தள்ளுகிறது. விழ முடியாததால் விழாமல் இருக்கவும் கற்பதில்லை. படியில் உருண்டு அடிபட்ட பிள்ளைகள் ஏராளம். கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு: பிள்ளை நிற்கும், வண்டி போகும், பிள்ளை பின்னால் போகும்.

சப்பாணி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்னொன்றும் நினைவு வரும். நூலில் அது பிள்ளை கைகொட்டும் அழகு. லயத்தில் அது ஒரு பையனின் பெயர். அவனுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆறு மாதத்திலிருந்தே அவன் எதையும் ஒரு கையால்தான் எடுத்தான். அடுத்த கை முட்டியாக மூடியே இருந்தது. "வயசானா சரியாப் போயிடும்" என்றார்கள். நான் தமிழ்ப்பள்ளிக்குப் போகும்போது அவன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து எங்களைப் பார்ப்பான். அவனுக்கும் தரை இருந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது அதற்கு மேலே ஒன்று: தெரிந்த ஒருவரின் கை, சின்ன வயதிலேயே, வாரா வாரம்.

அவனுக்காகவே இதைச் சொல்கிறேன். நலமுள்ள பிள்ளைக்குப் பயிற்சி தேடி அலைவது வீண். ஆனால் தேவைப்படும் பிள்ளையைக் காத்திருக்க வைப்பது கொடுமை. நான்கு மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதம் ஆகியும் உட்காரவில்லை, பதினெட்டு மாதம் ஆகியும் நடக்கவில்லை என்றால் காட்டுங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் காட்டுங்கள். உடல் விறைத்திருந்தாலும், துணி போலத் துவண்டாலும், செய்துகொண்டிருந்ததைப் பிள்ளை செய்யாமல் விட்டுவிட்டாலும் காட்டுங்கள். குறைமாதப் பிள்ளைக்கு மாதத்தைப் பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து எண்ணுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) தரும் புத்தகத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும் என்ன பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. தடுப்பூசித் தேதிக்கு மட்டும் அதைத் திறக்காதீர்கள். 1984-இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூக மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. இன்று பி.டி.கே. என்று அழைக்கப்படும் அந்தத் திட்டத்தின் மையங்கள் நாடெங்கும் இருக்கின்றன. அந்தப் பையன் பிறந்தபோது அப்படி ஒரு வாசல் இல்லை.

பேத்தி கடைசிவரை தவழவில்லை. தரையில் விட்ட மூன்றாம் வாரம், உட்கார்ந்தபடியே ஒரு காலால் உந்தி, பின்புறத்தால் நகரத் தொடங்கினாள். அப்படி நகரும் பிள்ளைகள் சற்றுப் பிந்தித்தான் நடக்கும் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். பதினாறாம் மாதத்தில், ஒரு மாலை, நாற்காலியின் காலை விட்டாள். மகள் கைப்பேசியை எடுத்தாள். "அதைக் கீழ வை" என்றேன். "கையை நீட்டு."

என் அம்மா இருந்தபோது ஒருமுறை கேட்டேன், நான் எப்போது நடந்தேன் என்று. மாதமும் தேதியும் அவளுக்குத் தெரியவில்லை. "எல கொட்டுற காலம்" என்றாள். ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு வெறுங்கொம்பாக நிற்கும். அப்போது பால் வற்றும், வெட்டு குறையும், சம்பளமும் குறையும். கடையில் கடன் ஏறும். லயத்தில் எல்லாரும் அஞ்சிய காலம் அது. அந்த ஒரு காலத்தில்தான் அம்மாக்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள்.

"கூலி இல்லாத மாசம். நீ சருகுல நின்ன. நான் வான்னேன்" என்றாள் அம்மா. "சத்தம் கேட்டுச்சு. நீ வந்த."